ராசியான சீட்

என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்த வாரத்தில் அவளுடைய தலை, கூடை போன்ற அந்தச் சின்ன கார் சீட்டின் விளிம்பை எட்டிவிட்டது. நான்தான் கவனித்தேன். தையல்காரர் டேப்பை வைத்து வாரம் ஒருமுறை பிள்ளையை அளக்கிற தகப்பன் வேறு எதைக் கவனிப்பான்? உச்சந்தலைக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. ஒரு விரல்தான் நுழைந்தது. அதுவும் என் சுண்டுவிரல்.

அவள் பிறக்கும்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணமாகிப் பதிமூன்று வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பாதிப் படிகளை ஏறியது என் மனைவி மட்டும். நான் கீழே நின்று வடாபாவ் தின்றுகொண்டிருந்தேன். பிள்ளை கைக்கு வந்ததும் வீட்டில் ஒருவர் தைரியமாகவும் ஒருவர் பயந்தும் இருக்க வேண்டியதாயிற்று. மனைவி முந்திக்கொண்டு தைரியத்தை எடுத்துக்கொண்டாள்.

இனி வாங்க வேண்டியது மாற்றிப் போடுகிற வகை சீட். முதலில் பின்பக்கம் பார்த்தபடி வைக்கலாம், வளர்ந்த பிறகு அதையே முன்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். மும்பையில், செம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் குழந்தைச் சாமான் கடை ஒன்று இருந்தது. நான்கு சனிக்கிழமை தொடர்ந்து போனேன். முதல் சனிக்கிழமை கடைக்கார அம்மா, "பச்சா கித்னே கிலோ கா ஹை, சர்?" என்று கேட்டார். எட்டு கிலோ எழுநூறு, காலையில் டயப்பர் மாற்றிய பிறகு எடுத்த எடை என்றேன். நான்காவது சனிக்கிழமை என் தலையைக் கண்டதும் உள்ளே ஸ்டாக் பார்க்கப் போய்விட்டார்.

பின்பக்கம் பார்த்து உட்கார வைப்பது இந்த ஊரில் யாருக்கும் பிடிக்காத யோசனை. லோக்கல் ரயிலில் காற்று முகத்தில் அடிக்கிற ஜன்னலுக்காகத்தான் மனிதர்கள் வண்டி நிற்கும் முன்பே பாய்கிறார்கள். எதிர்ப்பக்கம் உட்காருகிறவன் பிந்தி வந்த பாவி. என் மகளைப் பிறந்ததிலிருந்தே அந்தப் பாவி சீட்டில் உட்கார வைத்திருந்தேன், இன்னும் இரண்டு மூன்று வருடம் அப்படியே வைக்க வேண்டும் என்பது என் கட்சி. வண்டி மோதினால் குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து சீட்டில் சாய்ந்துகொள்ளும். முன்பக்கம் பார்த்திருந்தால் உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் தனியாகக் கிளம்பப் பார்க்கும். இதை நான் சாப்பாட்டு நேரத்தில் மனைவிக்கு விளக்கினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

எங்களுடையது பழைய, சின்ன கார். பெரிய சீட்டைப் பின்னால் வைத்தால் முன் சீட்டை நகர்த்த வேண்டும். நகர்த்திப் பார்த்ததில் மனைவியின் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. "பரவால்ல, என் காலைக் கழட்டி டிக்கியில போட்டுருங்க" என்றாள்.

பெல்ட் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க, பழைய கூடை சீட்டிலேயே பத்து கிலோ அரிசிப் பையை வைத்துக் கட்டினேன். பையின் மேல் மகளின் குல்லாயையும் போட்டேன். எங்கள் அடுக்குமாடி சொசைட்டி வளாகத்துக்குள் ஓட்டிப்போய் சட்டென்று பிரேக் அடித்தேன். அரிசி அசையவில்லை. என் நெற்றிதான் ஸ்டீயரிங்கில் மோதியது. பயத்தில் என் பெல்ட்டைப் போட மறந்திருந்தேன். வாட்ச்மேன் ஓடிவந்து குல்லாயைப் பார்த்து அலறினார். பிறகு அரிசியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்று முழுவதும் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்.

இத்தனை படித்தவன், இத்தனை அளந்தவன், எந்த சீட்டை எடுத்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் அக்கா தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கிறாள். நாங்கள் எல்லாரும் அங்கே பிறந்தவர்கள். அவள் மட்டும் அங்கேயே இருந்துவிட்டவள். இரண்டு வருடத்துக்கு முன் புனேயிலிருந்து திரும்புகிற வழியில், மலை இறக்கத்தில், அவள் மருமகன் ஓட்டிய காரைப் பின்னாலிருந்து ஒரு லாரி தள்ளிக்கொண்டு போய்ப் பாறைச் சுவரில் சாத்தியது. முன்னால் இருந்த அத்தான் அந்த இடத்திலேயே போய்விட்டார். மருமகனுக்கு இடுப்பு எலும்பு நொறுங்கியது. பின்னால் அக்காவுக்குத் தோள் இறங்கியது. அவளுக்குப் பக்கத்தில் கார் சீட்டில் கட்டியிருந்த பேரனுக்குக் காதோரம் ஒரு கீறல். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் பிஸ்கட் கேட்டு அழுதது எனக்கு இன்றும் கேட்கிறது.

காரைக் காயலான் கடைக்குக் கொடுத்தார்கள். சீட்டை மட்டும் அக்கா கொடுக்கவில்லை. மகள் குடும்பம் பெங்களூர் போன பிறகும் அது அவள் பீரோ மேல் இருந்தது, விபூதிக் கீற்றோடு. விபத்து நாளிலிருந்து அவள் காரில் ஏறியதில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடமாட்டோம். நோய் நொடி இல்லாமல் வளர்ந்த ஒரு பிள்ளையின் பழைய சட்டையை வாங்கிப் போடுவோம். அந்தப் பிள்ளையின் ஆயுசு இதற்கும் ஒட்டிக்கொள்ளும். என் மகள் முதலில் உடுத்தியதும் அக்கா பேரனின் சட்டைதான்.

ஐந்தாவது சனிக்கிழமை அக்கா எங்கள் வாசலில் நின்றாள். குர்லாவில் வண்டி மாறி, பெண்கள் பெட்டியில் அந்த சீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பிடில, கழுத்து ஒடியுது" என்று என் கையில் இறக்கினாள். "கடை கடையா அலையுதியாமே? உம் பொண்டாட்டி போன்ல சிரிக்கா. வீட்ல இது இருக்கச்சுல எதுக்குல கடைக்குப் போற?"

"இல்லக்கா, புதுசா…"

"புதுசு என்ன புதுசு? கடையில இருக்கது ஒரு அடியாவது வாங்கியிருக்கா? இது வாங்கிட்டு நின்னுருக்கு. எங் கண்ணால பாத்தேன். ராசியான சீட்டு."

அவள் கை கழுவப் போன நேரத்தில் மனைவி என் பக்கம் வந்தாள். "ஏங்க, ஆக்ஸிடென்ட்ல இருந்த சீட்ட மறுபடி போடக்கூடாதுன்னு நீங்கதான படிச்சுக் காட்டினீங்க?"

"அது பொதுவாச் சொன்னது."

"பொதுவான்னா?"

"பொதுவான்னா பொதுவாத்தான்."

அக்காவின் மனம் கோணக்கூடாது என்று வாங்கிக்கொண்டதாகப் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். பொய். என் பயத்துக்கு அவள் சொன்னது இனித்தது. நான்கு சனிக்கிழமை நான் கேட்டதற்கு அந்தக் கடை பதில் சொல்லவில்லை: இது காப்பாற்றுமா? இந்த சீட்டிடம் பதில் இருந்தது. கையேடுகளைக் கரைத்துக் குடித்த நான், அதைப் பின்பக்கம் பார்த்தபடி பொருத்தி, என் மகளை உட்கார வைத்துக் கொக்கியை மாட்டியபோது, பல மாதங்களில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன். அக்கா பிள்ளைக்குத் திருஷ்டி கழித்தாள். பிள்ளை அக்காவின் மூக்கைப் பிடித்து இழுத்தது.

பதினைந்து நாள் அதில் போனாள். தடுப்பூசிக்கு ஒருமுறை, மாட்டுங்கா கோவிலுக்கு இரண்டு முறை, பாண்டுப்பில் மனைவியின் அண்ணன் வீட்டுக்கு ஒருமுறை. பாண்டுப் போகும்போது ஒரு பைக் குறுக்கே பாய்ந்தது. நான் அடித்த பிரேக்கில் மனைவியின் கைப்பை டேஷ்போர்டில் சிதறியது. பின்னால் மகள் கெக்கலித்துச் சிரித்தாள். "பாத்தியா, ராசி" என்றேன் மனைவியிடம்.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பிள்ளை வாழைப்பழத்தைக் கக்கியிருந்ததால் சீட்டின் உறையைத் துவைக்கலாம் என்று குளியலறையில் உட்கார்ந்து கழற்றினேன். அக்கா மேலாக நனைத்துத் துடைத்திருந்தாள், உறையை முழுதாகக் கழற்றியிருக்கவில்லை. இடுப்புப் பக்கத்து நுரை மெத்தையைத் தூக்கியதும் ஏதோ தரையில் உருண்டது. கற்கண்டு என்று நினைத்தேன். கோவிலில் கொடுத்ததைப் பிள்ளை கையில் வைத்திருந்தாளே. குனிந்து எடுத்தேன். கண்ணாடி. கார் ஜன்னல் உடைந்தால் சதுரம் சதுரமாகக் கொட்டுமே, அது. மெத்தையை உதறினேன். இன்னும் ஆறு. ஒன்றின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அது பிஸ்கட்டாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மெத்தைக்குக் கீழே, பெல்ட் நுழைகிற துவாரத்திலிருந்து முதுகுப் பக்கம் வரை, கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஒரு கோடு. முடி ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல அழுத்தினேன். கோடு வாய் திறந்தது.

குழாயைத் திறந்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த பைக், அந்த பிரேக், அந்தச் சிரிப்பு. மனைவி கதவைத் தட்டி, "உள்ள என்ன செய்றீங்க?" என்றாள். கதவைத் திறந்து கோட்டைக் காட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் அடித்திருப்பேன்.

அன்று மத்தியானமே சீட்டை டிக்கியில் போட்டுக்கொண்டு லேபர் கேம்ப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'அக்கா, பிள்ளைக்கு அது சின்னதாப் போச்சு.' நல்ல பொய். ஆனால் சொன்னால் அவள் அதை மறுபடி பீரோ மேல் வைப்பாள். அடுத்து யாராவது பிள்ளை பெறுவார்கள். அதையும் தலையில் சுமந்துகொண்டு கிளம்புவாள்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சீட்டைத் தரையில் வைத்து, உறையை விலக்கி, கோட்டைக் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நீ கீழ போட்டியால?"

"நான் போடலக்கா. அன்னைக்கே விரிசல் விட்டுருக்கு. அந்த அடியத் தாங்கினதுல விட்டது. ஒரு தடவ அடி பட்டா அதோட சரி. மறுபடி தாங்காது."

"அப்ப அதுவும் அன்னைக்கே செத்துப்போச்சுன்னு சொல்லுதியா?"

நான் தலையாட்டினேன்.

"இது தெரியுமால உனக்கு? முன்னாடியே?"

இந்த இடத்துக்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா பிள்ளைய வச்ச?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு…"

"நான் எட்டாங்கிளாஸ் ஃபெயிலுல. நீதானல ஆபீஸ்ல உக்காந்து இங்கிலீஷ்ல படிக்கவன்!" கையிலிருந்த கீரைக் கட்டை என் மேல் வீசினாள். பிறகு வீசிய கீரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கும்போதே அழுதாள். "அவியளத்தான் விட்டுட்டோம், பிள்ளையக் காப்பாத்துச்சேன்னு… தினம் அதுக்கு விபூதி பூசுனேன். ஒடஞ்சத உம் பிள்ளைக்குக் கொண்டாந்து குடுத்துருக்கேன்."

விரிசலைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடித் துண்டுகளைப் பற்றிச் சொல்லவில்லை.

மூக்கைச் சிந்திவிட்டு, "காயலான் கடையில போட்டுரவா?" என்றாள்.

"அப்படியே போட்டா எவனாவது துடைச்சு வித்துருவான், அக்கா. பெல்ட்ட அறுத்துட்டுத்தான் போடணும்."

தாராவியில் கைக்கு வருகிற எதுவும் மறுபிறவி எடுக்காமல் போவதில்லை. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உள்ளே போய் மீன் வெட்டுகிற கத்தியோடு வந்தாள். பெல்ட்டை நான் இழுத்துப் பிடித்தேன், அவள் அறுத்தாள். லேசில் அறுபடவில்லை. ஒரு வாருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. "எப்படிப் பிடிச்சிருக்கு பாரு" என்றாள் இடையில் ஒருமுறை, பேரனைப் பற்றிச் சொல்வதுபோல. கடைசி வார் அறுந்ததும் விபூதிக் கீற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

மறு சனிக்கிழமை அவளே ரயிலேறிச் செம்பூர்க் கடைக்கு வந்துவிட்டாள். நான் முதல் வாரமே பார்த்து வைத்த சீட்டைத்தான் எடுத்தோம். "இதுல யாரும் இருந்ததில்லையே? பக்கா புதுசுதானே?" என்று அந்த அம்மாவிடம் தன் ஹிந்தியில் மூன்று முறை கேட்டாள். அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவைத் தானே தடவிப் பார்த்தாள்.

கடைக்கு வெளியே காரில் சீட்டைப் பின்பக்கம் பார்த்தபடி பொருத்தினேன். மனைவி மகளை உட்கார வைத்தாள். அக்கா காருக்குள் ஏறவில்லை. திறந்த கதவுக்கு வெளியே நின்றபடி கையை மட்டும் நீட்டி, பிள்ளையின் தோள்பட்டை எலும்பருகே வாரைக் கிள்ளிப் பார்த்தாள். அப்படிக் கிள்ளும்போது மடிப்பு விழக்கூடாது என்று கடையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"வெத்தல பாக்கு, பொட்டு ஏதும் கொண்டு வந்தியாக்கா?" என்றேன், வாயை அடக்க முடியாமல்.

"வாய மூடு. மடிப்பு விழுது. இறுக்கு."

இறுக்கினேன்.

"இன்னும் இறுக்குல."

மகள் சிணுங்கினாள். "போதும் அண்ணி, அழுறா" என்றாள் மனைவி.

"அழட்டும்" என்றாள் அக்கா, கையை எடுக்காமல். நான் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன்.