எதிர்க்கடைக்காரரின் கஷ்டம்

தியாகராய நகரில் என் முதல் கள ஆய்வில் நடந்தவை:

1. பதினொரு தையல் கடைகளுக்குப் போனேன்.
2. பதினொன்றிலும் டீ கொடுத்தார்கள்.
3. ஜிஎஸ்டியால் சிரமம் உண்டா என்று கேட்டேன். பதினொரு பேரும் இல்லை என்றார்கள்.
4. சிரமம் தாங்கவில்லை, அரசுக்கு மனு எழுதித் தாருங்கள் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்ததே அவர்களுடைய சங்கம்தான்.

நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவள். கல்லூரியில் ஜிஎஸ்டி படித்து முடிப்பதற்குள் நம் நாட்டில் அதை எடுத்தேவிட்டார்கள். இங்கே அது உயிரோடு இருப்பதால், சென்னையில் ஒரு வரிக்கொள்கை ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். வரி கட்டிக் கொடுக்கும் வேலை அல்ல இது. ஒரு விதி யாரை எங்கே அழுத்துகிறது என்று கண்டறிந்து, அதை மாற்றச் சொல்லிக் காரணத்தோடு எழுதும் வேலை. விரும்பித்தான் வந்தேன்.

என் மேலாளர் வசந்தி, பதினொரு பேரின் பதில்களையும் நான் போட்டிருந்த அட்டவணையைப் பார்த்தார். "சிரமமே இல்லைன்னு எப்படிம்மா மனு எழுதறது? வெள்ளிக்கிழமை குடுத்தாகணும். அப்புறம் உன் கன்ஃபர்மேஷன் பத்திப் பேசலாம்." மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. வேலை உறுதியாகாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் ஈப்போ.

மறுநாள் கேள்விகள் அச்சடித்த பாரத்தோடு மறுபடியும் அன்வர் பாய் கடைக்குப் போனேன். பாரத்தின் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். நம்மூரில் அது மரியாதை.

"இன்னாம்மா, மறுபடியும் கையெழுத்தா? மெய்யாலுமே நீ டிபார்ட்மெண்ட் இல்லியே?"

"இல்லை பாய். நான் மலேசியா."

"டாக்ஸ் கேக்க இங்க ஆள் பத்தலைன்னு மலேசியாலேர்ந்து எறக்கிக்கினு கீறாங்கப்பா!" கடையே சிரித்தது.

பாரத்தை மடித்துப் பையில் வைத்தேன். பூட்டியிருந்த எதிர்க்கடை எப்போது திறக்கும் என்று மட்டும் கேட்டேன்.

"செல்வமா? எங்க தொறப்பான், பாவம். துணி வாங்கச்சொல்லோ டாக்ஸ் கட்டிட்டான். துணி குடுத்தவன் ரிட்டர்ன் போடல. கட்டுன டாக்ஸ் கழியல, மறுபடியும் கைலேர்ந்து போட்டான். ஆடிட்டர் வூட்டுக்கு நடையா நடந்துகினு கீறான்." இருபது நிமிடம் பேசினார். நடுவே ஒருமுறை "மூணு மாசமா எனக்கு" என்று ஆரம்பித்து, "அவனுக்கு" என்று திருத்திக்கொண்டார்.

மதியம் செல்வம் அண்ணாச்சி வந்து கடையைத் திறந்தார். "எனக்கென்னம்மா, நல்லாத்தான் ஓடுது. பாய் படுத பாடுதான் சொல்லி முடியாது," என்று அதே கதையைப் பாயின் பெயரில் சொன்னார்.

பிறகு பாரம் இல்லாமல் மற்ற ஒன்பது கடைகளுக்கும் போனேன். எல்லோரிடமும் பக்கத்துக் கடையைப் பற்றியே கேட்டேன். நம்மூரில் புகார் சொல்பவர் முதலில் தன் பெயரை எழுதுவார். இங்கே தன் கஷ்டத்தைச் சொன்னால் கடையின் பெயர் கெடும், துணி கொடுப்பவர் காதுக்கும் போய்விடும். அடுத்தவர் கஷ்டத்தைச் சொல்வதில் அந்த ஆபத்து இல்லை.

"ஒருத்தர் பேரும் இல்லியே?" என்றார் வசந்தி, நான் எழுதிய மனுவைப் படித்துவிட்டு.

"இல்லை மேடம். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சாட்சி இருக்கிறது."

"யாரு?"

"எதிர்க்கடை."

மனு வெள்ளிக்கிழமை போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. வேலை உறுதியானதால் மார்ச் முடியும்வரை இங்கேயே இருந்தேன். அதற்கு முந்தைய ஆகஸ்ட் கடைசியில்தான் ஈப்போவிலிருந்து கிளம்பி வந்தேன் என்பதால், ஜனவரியில் தொடங்கும் நம் நாட்டு வரி ஆண்டில், உள்ளூர்வாசி ஆவதற்கான நூற்றெண்பத்திரண்டு நாளுக்கு மேல் அங்கே இருந்திருக்கிறேன். ஏப்ரலில் தொடங்கும் இந்திய நிதியாண்டில் அதே அளவுக்கு மேல் இங்கே இருந்திருக்கிறேன். இரண்டு நாட்டு வரிச்சட்டப்படியும் நான் உள்ளூர்வாசி. போன வாரம் இரண்டு நாட்டு வரிப் படிவங்களிலும் அப்படியே குறித்து அனுப்பினேன்.