கூறு மாறிய கதை

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அவை போக இன்னும் மூன்று தங்கவில்லை. இரண்டு வயிற்றிலேயே கலைந்தன, ஒன்று பிறந்து ஒன்பதாம் நாள் போனது. யார் கேட்டாலும் ஐந்து என்றுதான் சொல்வேன். சாந்தோம் கரையில் மீன் விற்று, யாரிடமும் கை நீட்டாமல் ஐந்தையும் கரையேற்றியவள் என்று குப்பத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இதை எழுதப் பத்து நாள் ஆனது.

கடைசி மகனுக்குக் கல்யாணமாகி நாலு வருடத்தில் மருமகளுக்கு மூன்று முறை கரு கலைந்தது. அவளுக்கு தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை. காலையில் போனால் கடை மூடும்வரை நிற்க வேண்டும். அதனால்தான் தங்கவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கட்டிய முடிவை மனதோடு வைத்துக்கொள்ளும் ஆளும் இல்லை நான்.

“நாள் பூரா நின்னுகினே கீறே. அது எப்புடி உள்ள உக்காரும்?” என்றேன்.

“எங்கூட நிக்கிறவளுங்க எல்லாம் ரெண்டு மூணு பெத்துட்டாளுங்க, அத்தே.”

“அவளுங்க ஒடம்பு வேற.”

அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மூன்றாவதும் கலைந்த பிறகு என் பெரிய மகள் வந்தாள். இவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம், தம்பிக்கு வேறு இடம் பார்க்கலாம் என்று பேச்செடுத்தாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மருமகள் அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும்.

அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மகனுக்கும் மருமகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வர மூன்று வாரம் ஆனது. அதைக் கேட்க நானும் போனேன். மருமகளின் குறையை டாக்டர் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயது. மருமகளுடைய ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை, மகனுடையதில்தான் ஒரு விஷயம் என்றார். “அவருக்கு ரெண்டு குரோமோசோம்ல துண்டு இடம் மாறியிருக்கும்மா.”

இடம் மாறியது என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். சுனாமிக்குப் பிறகு எங்களைக் கரையிலிருந்து கிளப்பி, தூரத்தில் ஒரு குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள்.

“நாங்க எப்பவோ திரும்பி வந்துட்டோமே. பழைய எடத்துலதான் கீறோம்,” என்றேன்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். மருமகள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். கோடு போட்ட புழுக்கள் ஜோடி ஜோடியாக நிற்பது மாதிரி இருந்தது. பெற்றவர்களின் சாயல், உடம்பின் அமைப்பு எல்லாம் பிள்ளைக்கு இதில்தான் போகிறதாம். மகனுக்குப் பதினொன்றாம் நம்பரில் ஒரு துண்டு உடைந்து இருபத்திரண்டில் ஒட்டியிருக்கிறது, அங்கே உடைந்தது இங்கே வந்திருக்கிறது. மொத்தத்தில் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. அதனால் அவனுக்கு நோய் இல்லை. பிள்ளைக்குப் போகும்போதுதான் தொந்தரவு.

“கொறையலன்னா அப்பால இன்னா தொந்தரவு?” என்று கேட்டேன்.

அவர் இன்னொரு தரம் சொன்னார். நான் என் கணக்கில் போட்டுப் பார்த்தேன். மீனைக் கூறு வைப்பது என் தொழில். என்னிடம் இரண்டு தட்டு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சங்கரா ஒரு கூறு, நெத்திலி ஒரு கூறு. ஒரு தட்டில் எல்லாம் சரி. இன்னொன்றில் சங்கரா இரண்டு நெத்திலிப் பக்கம் போய், ஒரு பிடி நெத்திலி சங்கராவில் விழுந்துவிட்டது. தட்டோடு எடுத்துப் போகிறவருக்கு எந்தத் தட்டானாலும் மீன் சரியாக இருக்கும். இந்தத் தட்டில் சங்கராவும் அந்தத் தட்டில் நெத்திலியும் எடுத்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். அப்படி மாற்றி எடுத்த கூறில் உருவாகும் பிள்ளை தங்காது.

இதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “இதையே நான் மத்தவங்களுக்கும் சொல்லிக்கட்டுமா?”

“மீன் துன்றவங்களா இருந்தா சொல்லும்மா.”

பிறகு, இது பெரும்பாலும் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வருவது என்றார். என் வீட்டுக்காரர் போய்ப் பல வருடம் ஆகிறது.

“எனக்கு இன்னா? அஞ்சு பெத்து வளத்தவ நானு.”

“தங்காம போனது ஏதாவது உண்டாம்மா?”

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு நான் சொன்னதே இல்லை. ஒன்பதாம் நாள் போன பிள்ளைக்கு மேலண்ணம் பிளந்திருந்தது, பால் மூக்கில் வந்தது. கிரகணத்தன்று நான் மீன் வெட்டினேன், அதனால்தான் என்றார் என் மாமியார். வெட்டியது உண்மை. நாற்பத்தெட்டு வருடம் அதை நம்பியிருந்தேன்.

கையை நீட்டினேன். ரத்தம் எடுத்தார்கள். மறுபடி மூன்று வாரம். என்னுடையதிலும் அதே பதினொன்று, அதே இருபத்திரண்டு.

மருமகள் அடுத்துச் சூல் கொண்டால் நாலாம் மாதம் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம், நல்லபடியாகப் பிறக்கவும் வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டரம்மா. திரும்பும்போது ஆட்டோவில் நானும் மருமகளும்தான். திரு.வி.க. பாலம் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“கிரகணத்துல மீன் வெட்னா ஒண்ணும் ஆவாதுல்ல, அத்தே.”

“ஆவாது.”

“நின்னாலும் ஆவாது.”

“ஆவாதுடி,” என்றேன்.

அந்த வாரம் பெரிய மகள் வந்தபோது சொன்னேன். “தம்பிக்கு வேற பாக்கற பேச்ச இனிமே இந்த ஊட்ல எடுக்காத. அது என் ஒடம்புலேர்ந்து வந்தது. நீயும் போய் ரத்தம் குடுத்துப் பாரு.”

“நான் ரெண்டு பெத்துட்டேன். எனக்கு இன்னாத்துக்கு?”

“நான் அஞ்சு பெத்தேன்டி.”

“பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறேன். வெளிய தெரிஞ்சா எவன் வந்து கட்டுவான்? கம்முனு இரும்மா.”

என் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாம் என்றார் டாக்டர். மகளுக்கு இருந்தால் அவள் பெண்ணுக்கும் இருக்கலாம். நந்தனத்தில் காலேஜ் படிக்கிற பெண். கட்டிக்கொண்டு போன இடத்தில் ஒன்று கலைந்தால் அவளை நிற்க வைத்துக் கேட்பார்கள், நான் கேட்டது போல. வாயால் சொன்னது எடுபடவில்லை. அதனால் எழுதினேன்.

இன்றைக்கு ஞாயிறு. தாயும் மகளும் வந்திருக்கிறார்கள். மகள் உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இன்னா ஆயா எழுதிகினே கீறே?” என்கிறாள்.

இந்தா, புடி. எழுத்து கோணலாத்தான் இருக்கும். மொத வரியிலேர்ந்து சத்தமாப் படி, நான் எழுதுனது சரியான்னு கேக்கறேன்.