மாவுப்பூச்சிக்கு உரு கிடைக்குமா?

செடிக் கடை வேலைக்குச் செடியைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று எவனாவது சொன்னால், அவன் ஒரு நாளும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றதில்லை என்று அர்த்தம். கடையில் நின்று கால் கடுத்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ப்ளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சங்கரன்கோவிலில் ஒரு நர்சரியில் நிற்கிறேன். செடி எனக்கு ஒத்துவரும். என் வாய்தான் யாருக்கும் ஒத்துவராது. "இன்னும் ஒரு ஆள் ஒன் வாயைப் பத்திக் குறை சொல்லட்டும், அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்று முதலாளி அண்ணாச்சி சொல்லிவிட்டார். இந்த வேலை போனால் அடுத்தது மாமாவின் ஜவுளிக்கடை. எந்தச் சேலையை யார் தோளில் போட்டாலும் "ஒங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குக்கா" என்று சிரிக்கணும். என்னால் ஆகாது. அதனால் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன், முடிந்தவரைக்கும்.

கிளையோடு வந்தவர்

திருவேங்கடத்திலிருந்து ஒரு பெரியவர் செம்பருத்திக் கிளையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கிளை முழுக்கப் பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி. அதை எங்கள் புதுச் செம்பருத்திகள் மேலேயே சாய்த்து வைத்தார். பதறிப்போய் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், வெயில் தாழ்ந்ததும் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் கலந்து தெளியுங்கள், எறும்பை ஏறவிடாதீர்கள், அதுதான் இதைக் கட்டிக் காக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் பாம்பு, தேள் தொந்தரவு தீர அதனதன் உருவைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் சரி தாயி. கோயில் வாசல்ல பாம்பு இருக்கு, தேள் இருக்கு. மாவுப்பூச்சிக்கு உரு எந்தக் கடையில கிடைக்கும்?"

நடந்த எச்சம்

கறிவேப்பிலைச் செடியில் காக்கா தினமும் எச்சம் போடுகிறது, கூடவே இலையும் காணாமல் போகிறது என்று ஒரு அக்கா வந்தார். போனில் போட்டோ காட்டினார். அது எச்சமே இல்லை. பட்டாம்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது பறவை தின்னாமலிருக்க அந்த வேஷம். மருந்து வேண்டாம், கையால் எடுத்துப் பெரிய எலுமிச்சை மரம் எதிலாவது விட்டுவிடுங்கள் என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, எச்சம் நடக்குதுன்னு சொன்னதுக்கு எங்க வீட்டுக்காரர் என்னையல்லா கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு!"

ஒரே வாளி

மொட்டைமாடித் தக்காளியில் அசுவினிப் பூச்சி என்று ஒருவர் வந்தார். வேப்பெண்ணெய், புளித்த மோர், பூண்டுச் சாறு, பாத்திரம் கழுவும் ஜெல், பேஸ்ட். வீடியோவுக்கு ஒன்றாகப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலக்கி உச்சி வெயிலில் அடித்திருக்கிறார். "பூச்சி செத்துச்சா சார்?" என்றேன். அண்ணாச்சி என்னை முறைத்தார். நல்லவேளை, அந்த மனுஷனுக்குக் கோபமே வரவில்லை.

"செடிதாம்மா செத்துட்டு. பூச்சி பூராம் பத்திரமா பக்கத்துல கத்தரிக்குப் போயிட்டு."

அண்ணாச்சி வீட்டு ரோஜா

கடைசியில் அண்ணாச்சி வீட்டு ரோஜாவே மஞ்சளடித்து இலை கொட்டியது. என்ன பூச்சியென்று தெரியாமல் அவர் அடிக்காத மருந்தில்லை. "போய்ப் பாரு. மதினிட்ட வாயைத் திறக்காத" என்று சொல்லிக் கூட்டிப் போனார். மதினி என்றால் அவர் மனைவி.

இலையைப் புரட்டினேன், ஒன்றுமில்லை. விரலை மண்ணில் விட்டேன். சளக்கென்று உள்ளே போனது, சாக்கடை வாடை. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் கொசுப்புழு நீந்துகிறது.

"யாரு தண்ணி ஊத்துதாக?"

"காலைல நான் ஊத்துதேன்" என்றார் அண்ணாச்சி.

"சாயங்காலம் நான் ஊத்துதேன்" என்றார் மதினி. "இவுக எங்க ஊத்தப் போறாக, கடைச் செடியப் பாக்கவே நேரமில்லங்காக."

ஜவுளிக்கடை கண் முன்னால் வந்து போனது. இருந்தாலும் வாய் கேட்கவில்லை. "இதுல பூச்சியே இல்ல. வேர் அழுகிட்டு. கொன்னது நீங்க ரெண்டு பேருந்தான்."

மதினி விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணாச்சி ரோஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் தட்டுத் தண்ணீரைக் கீழே கொட்டினார். "ஒருத்தர் குறை சொன்னா அனுப்பிருவேன்னேன். ஏட்டி, இப்ப நான் யார்ட்ட போய்க் குறை சொல்ல?"

செடியைப் பிடிக்கிற பூச்சியில் பாதி வேப்பெண்ணெய்க்குப் போய்விடும். மீதிப் பாதி காலையில் எழுந்து பல்லை விளக்கிவிட்டு வாளியோடு வந்து நிற்கும்.