சரசுவின் சம்பளக் கவர்

இரண்டு வாரம் முன்பு, சனிக்கிழமை சாயங்காலம். அனுப்பர்பாளையத்தில் சரசுவின் இட்லிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே பனியன் கம்பெனி. வாரச் சம்பளம் வாங்கியவர்கள் கவரும் கையுமாக வெளியே வந்தார்கள்.

சரசுவுக்குக் கல்லா, பேங்க், பீரோ எல்லாமே ஓர் எவர்சில்வர் தூக்குவாளி, அவர் பேச்சில் தூக்குப்போசிதான். இட்லி விற்ற காசு அதில் விழும். உளுந்து, கேஸ், மகளின் காலேஜ் பீஸ், சொந்தக்காரர் வீட்டுச் சீர்... எல்லாம் அதிலிருந்தே கிளம்பும். இதில் கடைக் காசு எது, வீட்டுக் காசு எது? யாருக்குத் தெரியும்! கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் போசியும் காலி.

அன்று பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு வாரச் சம்பளம் எடுத்துக் கொடுத்தார். உங்களுக்குத்தான் தெரியுமே, என் வாய் சும்மா இருக்காது.

"ஏனம்மிணி, உங்களுக்குச் சம்பளம் எவ்வளவுங்க?"

"எனக்குங்களா? மொதலாளிக்கு ஆருங்ணா சம்பளம் குடுப்பாங்க?"

சிரித்தார். ஆனால் பார்வை எதிரே கம்பெனி கேட்டுக்குப் போய்விட்டது. கடை போடுவதற்கு முன் அங்கேதான், தைத்த பனியனில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்தார்.

"கவர் மேல பேரு எழுதித் தருவாங்ணா. 'சரசு - செக்கிங்'னு. அதைப் புடிச்சுட்டே பஸ்ல ஊட்டுக்குப் போவனுங்க. பதினோரு வருசமாச்சு. இன்னும் சனிக்கெழமையானா அந்தக் கவருக்கு மனசு ஏங்குதுங்க."

உடனே உபதேசம் - அதற்குக் காசா, பணமா? "முதல்ல உங்க சம்பளத்தை எடுத்து வைங்க. மிச்சத்துல கடையை ஓட்டுங்க."

அடுத்த சனிக்கிழமை, ஒரு பிரவுன் கவரை நீட்டிக் காட்டினார். மேலே பால்பாயின்ட் பேனாவில்: 'சரசு - இட்லி'. உள்ளே இரண்டாயிரம். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

செவ்வாய்க்கிழமை சாப்பிடப் போனேன். "சம்பளத்துல என்ன வாங்கினீங்க?"

"சிலிண்டருங்க." குரல் இறங்கிவிட்டது. "நேத்துக் காலைல கேஸ் தீந்துபோச்சு. போசில ஒண்ணுமில்லீங்க."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அது உங்க சம்பளமாச்சேங்க!"

"அடுப்பு எரியாட்டி அடுத்த சம்பளம் எங்கீருந்துங்ணா வரும்?"

உபதேசம் செய்தவனுக்குச் சிலிண்டர் தீரும் கவலை இல்லையே. இட்லியைப் பிட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். சுவரில் காலண்டருக்குப் பின்னால் அந்தக் கவர். காலிதான். பெயர் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி செருகியிருந்தார்.

"அதை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"சனிக்கெழமைக்கு இன்னும் நாலு நாள்தானுங்களே!"