நாற்பது செக்கனும் அரை மணித்தியாலமும்

போன கிழமை எங்கள் கொழும்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "அக்கா, பில்ட் ஆக நாப்பது செக்கன் எடுக்குது. தாங்க முடியல்ல." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனேன். ஆனால் அந்த நாற்பது செக்கன் என்னை விடவில்லை. நேரே பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பேக்கரியின் மாடிப்படியில் நிறுத்திவிட்டது.

எங்கள் முதல் அலுவலகம் அந்தப் பேக்கரிக்கு மேலேதான் இருந்தது. மூன்று கணினி, ஒரு தொலைபேசி, பின்னேரம் மூன்று மணிக்குக் கீழேயிருந்து ஏறிவரும் சூடான பணிஸ் வாசம். நான் தகவல் பதியத்தான் அங்கே சேர்ந்தேன். ஆனால் ஜன்னலோரம் இருந்த புரோகிராம் எழுதுகிறவர்களின் மேசைதான் என் கண்ணில் எப்போதும் நின்றது. தோட்டத்துக் கூலி வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் சாதாரண தரப் பரீட்சை தாண்டிய முதல் ஆள் நான். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை.

அந்த ஜன்னலோர மேசை சீலன் அண்ணனுடையது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். தேயிலை பெக்டரிகளுக்காக அவர் ஜாவாவில் ஒரு மென்பொருள் எழுதியிருந்தார். கொழுந்து எப்போது வந்தது, எத்தனை மணித்தியாலம் வாடியது, எந்த ரோலரில் உருண்டது, புளிக்கப் போட்ட தூளை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லும்.

எழுதிய புரோகிராம் அப்படியே ஓடிவிடாது. அதைத் தொகுத்து, சோதித்து, மற்றவர்கள் ஏற்கெனவே எழுதிவைத்த நூலகக் கோப்புகளோடு சேர்த்துக் கட்டித்தான் கொடுக்க வேண்டும். பில்ட் என்கிற அந்த வேலையைச் செய்ய ஒரு கருவி வேண்டும். எங்களிடம் இருந்தது ஆன்ட். எதை முதலில் செய், எதை எங்கே வை என்று ஒவ்வொன்றாக நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். சீலன் அண்ணன் தொள்ளாயிரம் வரி எழுதியிருந்தார். அவருடைய கணினியில் குதிரை மாதிரி ஓடும். என் கணினியில் முதல் வரியிலேயே விழும், ஏனென்றால் எல்லாப் பாதையும் அவருடைய டி டிரைவுக்குத்தான் போகும்.

மேவன் என்று ஒன்று இருப்பதை ஒரு பழைய கணினி இதழில்தான் படித்தேன். படித்தபோது உடம்பு சிலிர்த்தது என்றால் நம்புவீர்களா? அது எங்கள் பெக்டரி மாதிரியே இருந்தது. வாட்டாத கொழுந்தை யாரும் ரோலரில் போடுவதில்லை, உருட்டாததைப் புளிக்க வைப்பதில்லை. பெக்டரிக்கு அந்த வரிசை தெரியும், ஒவ்வொரு நாளும் யாரும் எழுதி ஒட்டுவதில்லை. மேவனுக்கும் வரிசை தெரியும். எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதை அதுவே இணையத்திலிருந்து கொண்டுவந்து கட்டிவிடும். அப்பா ரோலர் அறையில் வேலை செய்கிறவர். அந்த வரிசையை நான் பிறந்ததிலிருந்து மோந்து வளர்ந்தவள்.

அடுத்த நாளே சொன்னேன், மாறுவோம் என்று. சீலன் அண்ணன் கதிரையைத் திருப்பினார்.

"ஏம்மா, ஓடுற லொறிய நிப்பாட்டி எஞ்சினக் கழட்டுறேங்கிற?"

"ஒங்க லொறி ஒங்க வாசல்ல மட்டுந்தானே ஓடுதுண்ணே."

எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், நாங்கள் சேர் என்போம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, வாற வெள்ளிக்கிழமை அப்புத்தளைப் பக்கம் ஒரு பெக்டரியில எங்கட சொவ்ட்வெயாரக் காட்டோணும். உம்மட மேவனால கட்டினதைக் கொண்டுபோவம். ஓடினா நீர் சீலனுக்குப் பக்கத்தில இருக்கலாம். ஓடாட்டி பழையபடி டைப் அடிக்கிற மேசைதான். கோவிக்கக் கூடாது."

ஜன்னலோர மேசை. எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

முதல் தடை இணையம். எங்களுக்கு இருந்தது தொலைபேசி வழி இணைப்பு. மேவன் ஒவ்வொரு கோப்பாக இறக்கத் தொடங்கியதும் அலுவலகத் தொலைபேசி செத்துவிட்டது. நான் இரண்டு பணிஸ் தின்று முடிக்கையில் நான்காவது கோப்பு பாதியில் நின்றது. எங்களைப் பிடிக்க முடியாத சேரின் மனைவி வீட்டிலிருந்து கீழேயிருந்த பேக்கரித் தொலைபேசிக்கு அழைத்து, "அங்க என்ன நடக்குது, ஒருத்தரும் உயிரோட இல்லையோ" என்று கேட்டார்.

கொழும்பில் வேலை செய்த என் வகுப்புத் தோழி சுதாதான் கைகொடுத்தாள். தன் அலுவலகக் கணினியில் சேர்ந்திருந்த கோப்புகளையெல்லாம் மூன்று சீடியில் எழுதி, பேப்பரில் சுற்றி, பதுளை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டாள். ஸ்டாண்டில் வாங்கும்போது அவர் பொதியைத் தட்டிப் பார்த்து, தங்கச்சி என்று சிங்களத்தில் அழைத்து, "நங்கி, வெடிங் சீடியா?" என்றார். ஆமாம் என்றேன். எனக்கு அது கல்யாணத்தை விடப் பெரிசாகத்தான் இருந்தது.

இரண்டாவது தடை சீலன் அண்ணனின் நூலகக் கோப்புறை. அதிலிருந்த கோப்புகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள்: 'புதுசு', 'இதுதான் புதுசு', 'மெய்யாலும் புதுசு'. எது எந்தப் பதிப்பு என்று அவருக்கே ஞாபகமில்லை. நான் விறுவிறுவென்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சுதாவின் சீடியில் அதே வேலையைச் செய்யும் கோப்புகளை எடுத்துப் பட்டியலில் போட்டேன். கட்டிப் பார்த்தேன். ஒரே தடவையில் வெற்றி என்று திரையில் வந்தது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். எனக்கு நானேதான். அலுவலகத்தில் இருந்த பழைய பதிவுகளை வைத்து ஓட்டியும் பார்த்தேன், எல்லாம் சரி.

வெள்ளிக்கிழமை சேரும் சீலன் அண்ணனும் நானும் போய் இறங்கியபோது அப்புத்தளையில் கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாத பனி. பெக்டரிக்குள் நுழைந்ததும் பச்சைத் தூளின் அந்தப் புளிப்பு வாசம் மூக்கில் ஏறியது, பாதிப் பயம் போய்விட்டது. பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் வயதானவர், கை கட்டிக்கொண்டு நின்றார். சேருடைய மடிக்கணினியைத் திறந்து, அப்போதுதான் ரோலரிலிருந்து வந்த தூளைப் பதிந்தேன். சுவரிலிருந்த கடிகாரம் பத்து மணி. திரை பத்தரை என்று காட்டியது.

ரோலர்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தொர, இது இன்னும் பழைய நேரத்துலதான் ஓடுதுங்க."

அந்த வருடம்தான் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருந்தது. தோட்டத்தில் பல மாதத்துக்கு எல்லோரும் "பழைய நேரமா, புது நேரமா" என்று கேட்டுத்தான் வேலைக்கு இறங்கினார்கள். இப்போது என் திரை பழைய நேரத்தில் நின்றது. அது சொன்னபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எடுத்தால் தூள் அரை மணித்தியாலம் கூடுதலாகப் புளித்துக் கெட்டுப்போகும்.

டீமேக்கர் சேரைப் பார்த்தார். சேர் என்னைப் பார்த்தார். நான் சீலன் அண்ணனைப் பார்த்தேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "நேரம் மாத்துன கெழமையே, மணி பாக்குற நூலகக் கோப்ப நான் தொறந்து, உள்ளுக்க அரை மணித்தியாலத்தச் சரிபண்ணி வச்சேன். அதுதான் மெய்யாலும் புதுசு."

"ஏண்ணே சொல்லல?"

"நீ கேக்கலையே. மளமளன்னு அள்ளிப் போட்டுட்ட."

உண்மைதான். நான் கேட்கவேயில்லை. ஆன்ட் பழசு, அதனால் அவர் செய்தது எல்லாம் பழசு என்று எனக்குள் ஒரு எண்ணம். இதழில் படித்த பெண்ணல்லவா.

அவர் பையிலிருந்து ஒரு சீடியை எடுத்து நீட்டினார். பழைய கோப்புறை முழுவதும் அதில் இருந்தது. நான் விழுந்தால் எடுத்துக் காட்டலாம் என்று கொண்டுவந்தாரா, தாங்கிப் பிடிக்கவா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

"அடுத்த ரோல் வர இருவது நிமிசம் இருக்கு. அதுக்குள்ள முடியுமா?" என்றார் டீமேக்கர்.

முடியும் என்றேன். சீடியைச் செருகினேன். வெளியிலிருந்து வரும் கோப்பைப் பெயரும் பதிப்பு எண்ணும் இல்லாமல் மேவன் உள்ளே எடுக்காது.

"இனிமே மெய்யாலும் புதுசுன்னு போட ஏலாதுண்ணே. நம்பர் கேக்குது."

"ஒன்னு போடு."

"நீங்க திருத்துனதுக்கு அடையாளம் வேணும்ல. ஒன்னு தசம் ஒன்னு போடுறேன்."

அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அவர் செய்த வேலைக்கு முதல் தடவையாக ஒரு எண் கிடைத்திருந்தது. இணையம் இல்லாமலே கட்டினேன். பன்னிரண்டாவது நிமிடம் திரையும் சுவரும் ஒரே நேரத்தைக் காட்டின. ரோலர்காரர், "இப்ப புது நேரத்துக்கு வந்திருச்சுங்க தொர" என்றார். டீமேக்கர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

திங்கட்கிழமை ஜன்னலோரம் இரண்டாவது கதிரை போடப்பட்டிருந்தது. மேவன் கோப்பில் இதை எழுதியவர்கள் யார் யார் என்று குறிக்க ஓர் இடம் உண்டு. சீலன் அண்ணன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து முதலில் என் பெயரை அடித்தார், அதன் கீழே தன் பெயரை. நான் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா, "இதுல எது ஒன் பேரு?" என்று கேட்டு அந்த வரியில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அப்பா அதை அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார்.

அந்த அப்புத்தளைப் பெக்டரி இப்போது மூடிக் கிடக்கிறது. எங்கள் மென்பொருளை எங்கும் யாரும் ஓட்டுவதில்லை. சீலன் அண்ணன் கட்டாரில் இருக்கிறார், பழைய சீடிகள் ஒன்றும் திறக்கவில்லை என்றார். லயத்து ஈரத்தில் அந்த அச்சு மை வருடத்துக்கு வருடம் வெளுத்து, போன தைப்பொங்கலுக்குப் போனபோது அலுமாரிக்குள் வெறும் வெள்ளைத் தாள்தான் இருந்தது. கழற்றப் போனேன். அம்மா விடவில்லை. நேரே விரலை நீட்டி, என் பெயர் இருந்த இடத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டினார்.