அப்பாவின் பெயர், மாமாவின் முகம்

சீனன்குடாப் பாதையில் ஐஸ் ஆலை, இரண்டு லொறி, கடலைப் பார்த்த மேல்வீடு. எல்லாம் நான் கட்டியவை. ஐந்தாம் வகுப்பே பாஸாகாதவன் நான்; வங்கியில் கதிரை தராமல் நிற்கவைத்தே கதைத்தார்கள். ஆனாலும் பாஸ் என்ற இங்கிலீசுச் சொல்லை என்னளவுக்கு அறிந்தவர் ஊரில் இல்லை. பள்ளிக்கூடத்தில் அது சோதனையில் தேறுவது. பந்தடியில் காலால் தட்டிக் கொடுப்பது. நகரசபைக் கந்தோரில் வீட்டுப் பிளானுக்குக் கிடைக்கும் சம்மதம். எங்கள் வீட்டில் மட்டும் அது சோறு. துறைமுக வேலைத்தளத்து வாசலில் அப்பா காட்டுகிற, படம் ஒட்டிய அட்டை.

வெள்ளைக்காரர் இருந்த கடைசி வருடங்களில் அப்பாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். வேலையில்லாமல் இருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த அட்டையோடு தான் போவதாகச் சொன்னார்.

"படம் காட்டிக் குடுத்திடுமேடா தம்பி," என்றா அம்மா.

பள்ளிக் கொப்பியில் மை கொட்டினால் தேசிக்காய்ப் புளியால் தேய்த்து அழிப்பது என் வழக்கம். யாரும் கேட்கவில்லை. நானே பாதித் தேசிக்காயை எடுத்து அப்பாவின் முகத்தைத் தேய்த்து வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் மூக்கு மட்டும் மிஞ்சியது.

மறுநாள் வேலை முடிந்து வந்த மாமா, வாசலில் நடந்ததை நடித்துக் காட்டினார்.

"என்னடாப்பா, முகத்தைக் காணேல்லை?" என்று கேட்டானாம் காவலாளி.

"வேர்வை ஐயா. உங்கட வேலை முகத்தையும் திண்டிட்டுது."

காவலாளி சிரித்துவிட்டு, புதுப்படம் எடுத்துவரச் சொன்னான். மாமா தன்னைத்தான் எடுத்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வது? அப்பாவின் பெயரும் மாமாவின் முகமுமாகப் புதுப் பாஸ் வந்தது.

ஒரு மாதத்தில் அப்பா எழும்பினார். வாசலில் உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. அப்பா அட்டையை மாமாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பேர் என்ர. முகம் உன்ர. நீயே போ மச்சான்."

அதன்பின் அவர் சாம்பல்தீவில் கூலிக்குக் கரைவலை இழுத்தார். மாமா ஓய்வுபெறும்வரை வேலைத்தளத்தில் அவருக்கு அப்பாவின் பெயர்தான். கடைத்தெருவில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அப்பா திரும்பமாட்டார். காய்ச்சல் காதைக் கெடுத்துவிட்டதென்று நினைத்து, நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பேன்.

இப்போது மாமாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக நீங்கள் எனக்குக் காட்டிய பிரதியில், இரண்டு குடும்பங்களைத் தாங்கியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓம், தாங்கினார். ஆனால் தேசிக்காய் பிடித்தது என் கை. மாமாவுக்கு வேலை கொடுத்ததும் அதுதான், அப்பாவிடமிருந்து எடுத்ததும் அதுதான். அச்சுக்குப் போகுமுன் இரண்டையும் என் பெயரில் போடுங்கள்.