உதட்டோடு நின்றுபோன படம்

குழந்தையின் நெற்றி இருந்தது, கண்கள் இருந்தன, மூக்கும் மேலுதடும் இருந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டைகள். மூன்று வாரத்தில் இப்படிக் கெட்டுப்போன ஐந்தாவது படம் இது.

"என்ன பெருசு, மறுபடியும் போச்சா?" கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மிஷின்காரர் கேட்டார்.

முப்பத்து மூன்று வயதில் அவளுக்குப் 'பெருசு' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். சுவரளவு படங்கள் எல்லாம் அவளிடம்தான் வரும். பத்தொன்பது வயதில் விசிட்டிங் கார்டு வடிவமைக்கும் வேலைக்கு அந்த அச்சகத்துக்கு வந்தவளுக்கு, ஜன்னலோரம் இருக்கும் பெரிய திரைக்கு முன்னால் உட்கார ஏழு வருடம் பிடித்தது. கோபம் வந்தால் அவள் குரல் உயராது. மவுஸை மேசையில் வைக்கிற சத்தம் மட்டும் உயரும். இப்போது 'டக்'கென்று வைத்தாள்.

முதலாளி சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"ஏம்மா, உன் கையில என்னதான் இருக்கு? தொட்டதெல்லாம் பாதியில நிக்குது! போன வாரம் பாக்காம முப்பது அடி அடிச்சுக் குப்பையில போட்டோம். என் மச்சினன் செய்யற கார்டு ஒண்ணாவது கெட்டிருக்கா?"

"அது தபால்தலை சைஸ் சார்."

"சின்னதோ பெருசோ, ஃபைல் ஃபைல்தான். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிச் சுவருக்கு இந்தப் படம் போயாகணும். இன்னொரு தடவை கெட்டுச்சு, திங்கட்கிழமையிலிருந்து அந்த சீட்ல மச்சினன் உக்காருவான். நீ கவுண்டர்ல பாஸ்போர்ட் போட்டோ எடு."

மச்சினன் தலையைத் தூக்காமலே அந்தப் பெரிய திரையை ஒரு பார்வை பார்த்தான். வீடு பார்க்க வந்தவன் அலமாரியை அளந்து பார்க்கிற பார்வை.

வீட்டில் கணவன் ஆறுதல் சொல்லப் பார்த்தான். "பதறாம மெதுவா சேவ் பண்ணிப் பாரேன்."

"சேவ் பண்றதுல என்னங்க மெதுவு? பொத்தானைத் தடவிக் குடுக்கணுமா?"

அவன் செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டான். ஆனால் மறுநாள் காலை, பொத்தானை அழுத்திவிட்டுத் தான் மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டிருப்பதை அவளே பார்த்தாள். திட்டு வாங்கியதைவிட இதுதான் அவளுக்கு எரிந்தது. பதினான்கு வருடம் கைபழகியவள், தன் விரலையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

போதும் என்று ஒரு நோட்டை எடுத்தாள். ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். வைரஸ் இல்லை. மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினாள், பழைய கதைதான். நெட்வொர்க் கேபிளை மாற்றினாள். கணினியைத் திறந்து மெமரியைக் கழற்றி, அழி ரப்பரால் துடைத்து மாட்டினாள். புதன்கிழமை காலையில் அதே குழந்தையை மூன்று முறை சேமித்தாள். மூன்று முறையும் முகவாய் வரை முழுசாக வந்தது. அன்று மதியம் நான்காவது முறை சேமித்தாள். உதட்டோடு நின்றது.

கெட்டுப்போன ஃபைல்களின் நேரத்தை அப்போதுதான் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பத்தாறு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. ஒன்றுகூடப் பிசகாமல் எல்லாம் ஒரு மணிக்குச் சற்று முன்னால்.

அது அவளுடைய வழக்கம். பெரிய படம் சேமிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பன்னிரண்டே முக்காலுக்குப் பொத்தானை அழுத்திவிட்டு டப்பாவோடு பின்கட்டுக்குப் போய்விட்டால் நேரம் மிச்சம். அந்த அச்சகத்தில் எந்த ஃபைலையும் சொந்தக் கணினியில் வைக்கக்கூடாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக முதலாளியின் அறையில் இருக்கும் கறுப்புச் சேமிப்புப் பெட்டிக்குள்தான் போக வேண்டும். முன்பு ஒருவன் வேலையை விட்டுப் போகும்போது படங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதிலிருந்து அப்படி ஒரு சட்டம்.

வியாழக்கிழமையும் அதே நேரத்துக்குப் பொத்தானை அழுத்தினாள், ஆனால் சாப்பிடப் போகவில்லை. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குத் திரையில் நூறு சதவீதம் வந்தது. மற்றவர்கள் எழுந்து போனார்கள். ஒரு மணிக்கு முதலாளி அறையின் கதவு சாத்தப்பட்டது. அடுத்த நொடி, திரையின் ஓரத்தில் இருந்த கறுப்புப் பெட்டியின் அடையாளம் மறைந்தது.

அவள் எழுந்து போய், தட்டாமல் கதவைத் திறந்தாள்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி, முகத்தில் கைக்குட்டை போட்டுக்கொண்டிருந்தார். அலமாரியில் கறுப்புப் பெட்டி விளக்கில்லாமல் இருந்தது. அதன் சுவிட்ச் அணைந்திருந்தது.

"சார், இதை யாரு ஆஃப் பண்ணது?"

கைக்குட்டை விலகியது. "அதுவா? காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி ஙொய்ங்னு கத்திக்கிட்டே கெடக்கு. கொஞ்ச நாளா தாங்கல. அணைச்சிட்டுக் கொஞ்சம் கண்ணசருவேன். ரெண்டு மணிக்குத் திருப்பிப் போட்டுருவேனே. அந்த நேரத்துல நீங்கல்லாம் சாப்பிடத்தானே போறீங்க?"

"கொஞ்ச நாளான்னா? மூணு வாரமா?"

"இருக்கும்."

அவளுக்குக் காது சூடேறியது. "சார், என் திரையில முடிஞ்சுதுன்னு வந்தாலும், வாங்கினதை உள்ள எழுதி முடிக்க இந்தப் பெட்டிக்கு இன்னும் அஞ்சு நிமிஷமாவது வேணும். சின்ன கார்டுன்னா கண் இமைக்கறதுக்குள்ள எழுதிடும். என் படத்தை எழுதிக்கிட்டு இருக்கும்போதே கழுத்தைத் திருகியிருக்கீங்க. தினமும்."

"எனக்கென்னம்மா தெரியும்?" கொட்டாவி பாதியில் நின்றது. "விடு, இப்பதான் தெரிஞ்சுபோச்சுல்ல. இனிமே அணைக்கல, போ."

"போக மாட்டேன். என் கையைத் திட்டினப்ப எல்லாரும் கேட்டாங்க. இதையும் எல்லாரும் கேக்கணும்."

இரண்டு மணிக்கு முதலாளி வெளியே வந்து, கூரையைப் பார்த்துப் பேசினார். "அந்தப் பெரிய படம் கெட்டது... ஏதோ கரண்டு பிரச்சினையாம். சரியாயிடுச்சு. வேலையப் பாருங்க."

அவள் உட்காரவில்லை. "கரண்டை நிறுத்தினது யாரு சார்?"

மிஷின்காரர் ஓடிக்கொண்டிருந்த அச்சு மிஷினை நிறுத்தினார். அறையில் சத்தமே இல்லாமல் போயிற்று.

"நான்தான். தூங்கறதுக்குச் சத்தமா இருக்குன்னு..."

"அஞ்சு படமும் உங்க மத்தியானத் தூக்கத்துக்குப் பலியா சார்?" மிஷின்காரர் கேட்டார். "அந்த முப்பது அடியை நான்ல சுமந்துபோய்க் கொட்டினேன்!"

மச்சினன் ஒரு விசிட்டிங் கார்டை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப சீட்டு?" என்றாள்.

"அது உன் சீட்டுதாம்மா. யாரு இல்லன்னா?"

படத்தை மறுபடி சேமித்தாள். இந்த முறை பத்து எண்ணவில்லை. பெட்டி எழுதி முடிக்கும்வரை முதலாளி அறை வாசலிலேயே கைகட்டி நின்றாள், அவர் கோப்புகளைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தார். திறந்து பார்த்தபோது குழந்தையின் முகவாய், கழுத்து, கையில் பிடித்திருந்த பலூன் எல்லாம் இருந்தன. மிஷின்காரர் சுருளை ஏற்றினார்.

"பாத்தியா, ஜம்முனு வந்துருச்சு. இதுக்குப் போயி இவ்வளவு கோபமா?" என்றார் முதலாளி.

அவள் தன் திரைக்குத் திரும்பினாள். ஐந்து நிமிடம் ஏதோ வேலை செய்தாள். குழந்தை முழுவதும் வெளியே வந்தபிறகு அதே சுருளின் நுனியில் இன்னொன்றும் வந்தது. ஆறடி அகலம், சிவப்பில் வெள்ளை எழுத்து: 'பெட்டியை அணைக்கக் கூடாது.' மிஷின்காரரே ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து, முதலாளியின் நாற்காலிக்கு நேரெதிர்ச் சுவரில் அடித்துக் கொடுத்தார்.

"இவ்வளவு பெருசா எதுக்கும்மா?"

"கைக்குட்டைக்குள்ள இருந்து பாத்தாலும் தெரியணும்ல சார்," என்று சொல்லிவிட்டு, பிரிக்காமல் கிடந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பின்கட்டுக்குப் போனாள். அப்போது மணி மூன்றரை.